தண்ணீரில் எடை போட்ட கல்

எரிமலைக் கண்ணாடி என்றால் என்ன என்று தெரியாதவர்கள் நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் ஒருவர்கூட இருந்ததில்லை. அதற்குக் காரணம் நான்தான். யாராவது வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் போதும், ஷோகேஸைத் திறந்து அந்தக் கறுப்புக் கல்லை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவர், தபால்காரர், கொலுவுக்குச் சுண்டல் வாங்க வந்த பெண்கள், யாரும் தப்பியதில்லை. "ஆரம்பிச்சுட்டாரு" என்று உள்ளே என் மனைவி முணுமுணுப்பது கேட்கும். கேட்டாலும் நிறுத்த மாட்டேன்.

அந்தக் கல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை. ஏன் காட்டுவதில்லை என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், எழுதும்போதே காது சுடுகிறது. அறுபதை நெருங்கிய மனுஷன் ஒரு கல்லை வைத்துக்கொண்டு செய்த காரியமா இது என்று படிக்கிறவர்கள் காறித் துப்பினாலும் எனக்குச் சம்மதம்தான்.

என் உத்தியோகம் சாம்பல். பழுப்பு நிலக்கரியை எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலில் என்னென்ன இருக்கிறது என்று ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலிக்கா எவ்வளவு, அலுமினா எவ்வளவு, இரும்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு. முப்பது வருஷத்துக்கு மேல் இதே வேலை. வேலை சாம்பலில் என்றாலும் ஆசை கல்லில். எங்கே போனாலும் ஒரு கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். பொறுக்காமல் கடையில் வாங்கிய கல் ஒன்றே ஒன்றுதான், அது அந்த எரிமலைக் கண்ணாடி. சென்னையில் ஒரு கண்காட்சியில், வெளிநாட்டு எரிமலையிலிருந்து வந்தது சார் என்று சொல்லி விற்றான். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, கருகருவென்று, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

என் பிரசங்கம் எப்போதும் சர்க்கரையில்தான் ஆரம்பிக்கும். ஒரே சர்க்கரைதான். கரைத்து, நூல் கட்டித் தொங்கவிட்டு, நாள் கணக்கில் ஆறவிட்டால் கற்கண்டு. அதையே முற்றக் காய்ச்சித் தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி மிட்டாய். கற்கண்டில் துகளெல்லாம் ஒழுங்காக வரிசையில் போய் நின்றுகொள்ள நேரம் இருந்தது. மிட்டாயில் நேரம் இல்லை, அது அது நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டது. எரிமலையிலும் அதே கதைதான். பாறைக் குழம்பில் சிலிக்கா, அதாவது நம் ஆற்று மணலில் இருக்கிற சரக்கு, நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் இருந்தால் குழம்பு கெட்டிப் பாகாகிவிடும். ஓட முடியாது, உள்ளே துகள்கள் நகரவும் முடியாது. வெளியே வந்ததும் காற்றோ தண்ணீரோ பட்டுச் சீக்கிரம் ஆறினால் படிகம் கட்ட நேரமில்லாமல் கண்ணாடியாகிவிடும். சிலிக்காவோடு அலுமினா, கொஞ்சம் சோடியம், பொட்டாசியம், துளி இரும்பு. துளி இரும்புக்கே அவ்வளவு கறுப்பு. உடைத்தால் சிப்பியின் உட்பக்கம் மாதிரி வளைந்து வளைந்து உடையும். அந்த விளிம்பில்தான் ஆதி மனிதன் கத்தி செய்தான் என்று முடித்து, கேட்டவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் "அப்படிங்களா சார்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனையும்.

என் மகள் மட்டும் "அப்படிங்களா"வோடு விடுகிறவள் இல்லை. சின்ன வயதிலேயே, "அது அந்தக் கல்லுன்னு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்பாள். அவளுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தேன். சமையலறைத் தராசில் கல்லின் எடையைப் பார். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்கு. கல்லை நூலில் கட்டி, அடியில் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடு. இப்போது தராசு ஏறிக் காட்டுவது அந்தக் கல் அளவு தண்ணீரின் எடை. கல்லின் எடை அதுபோல் எத்தனை மடங்கு என்று வகுத்துப் பார். பொய் சொல்கிற கல்லும் தண்ணீருக்குள் உண்மையைச் சொல்லிவிடும். முடிந்ததும் நூலைச் சுற்றி வைக்க வேண்டும், டம்ளரைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மா கத்துவாள். வீட்டில் இருந்த அத்தனை கற்களையும் இரண்டு பேரும் இப்படி எடை போட்டிருக்கிறோம். அந்தக் கறுப்புக் கல்லை மட்டும் போட்டதில்லை. அது என்ன கல் என்றுதான் எனக்கு முன்னாலேயே தெரியுமே.

அவள் படித்து, சென்னையில் வேலைக்குப் போனாள். நான் ரிட்டையர் ஆவதற்கு இரண்டு வருஷம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை வந்து, கூட வேலை பார்க்கிற ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையன் காடாம்புலியூர் பக்கம். நம் அனல்மின் நிலையத்தில்தான் அவன் அப்பாவுக்கு வேலை என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி எங்கள் டவுன்ஷிப்பில் யாரும் கேட்கிற கேள்விதான்.

"பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

"கான்ட்ராக்ட்ப்பா. பாய்லர்ல கிளிங்கர் தட்றவரு."

பாய்லருக்குள் சாம்பல் உருகிக் கட்டியாகி அடியில் விழும். அதுதான் கிளிங்கர். நீளமான கம்பியால் அதை இடித்து, உடைத்து வெளியே தள்ள வேண்டும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் பர்மனென்ட் ஆட்கள் நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

கான்ட்ராக்ட் என்பதால்தான் எனக்குப் பிடிக்கவில்லை என்று மனைவியிடம் சொன்னேன், தம்பியிடம் சொன்னேன், எனக்கு நானேயும் சொல்லிக்கொண்டேன். என் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். அவர்கள் எந்தத் தெரு என்று ஊர்ப் பெயரைக் கேட்டதும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் குடும்பத்துக்கு முந்திரித் தோப்பு உண்டு. பையனின் தாத்தா பாட்டி காலத்தில் எங்களைப் போன்றவர்களின் தோப்பில்தான் கூலிக்கு முந்திரி பொறுக்கியிருப்பார்கள். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம், மனசுக்குள் நினைக்க மட்டும் வெட்கமில்லை. படித்தவன் இல்லையா, சொல்லாமல் இருந்தால் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன்.

மகள் விடவில்லை. "ஒரு தடவை பாருங்கப்பா. பேசிப் பாருங்க. அப்புறம் வேணாம்னா காரணம் சொல்லுங்க" என்றாள். சரி, வரச் சொல் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. நாலு பேர் வருவதாகச் சொன்னார்கள். காலையில் நானே பஜாருக்குப் போய் மிக்சர், ஜாங்கிரி, ஒரு கட்டு பேப்பர் கப் வாங்கி வந்தேன். கப்பைப் பார்த்து மனைவி, "இது எதுக்குங்க?" என்றாள். "டம்ளர் பத்தாது" என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, பெரியப்பா. அப்பா ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, முழங்கை வரை சின்னச் சின்னத் தீத்தழும்புகள். முழுப் பலாப்பழம் ஒன்றும், முந்திரிப் பருப்பு ஒரு பையும் கொண்டுவந்திருந்தார்கள். அந்த அப்பா சோபாவின் நுனியில்தான் உட்கார்ந்தார். மனைவி பேப்பர் கப்பில் காபி கொடுத்தாள். எங்களுக்கும் பேப்பர் கப்தான், அந்த அளவுக்கு நான் சாமர்த்தியசாலி. மகள் கப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

பேச்சு எங்கெங்கோ சுற்றியது. மழை, பஸ், இந்த வருஷ முந்திரிப் பூ. கல்யாணப் பேச்சுக்கு நான் வரவே இல்லை. வராமல் இருப்பதற்குக் கைவசம் ஒரு நல்ல வழி இருந்தது. எழுந்துபோய் ஷோகேஸைத் திறந்தேன். சர்க்கரையில் ஆரம்பித்து ஆதி மனிதனின் கத்தி வரைக்கும் முழுப் பிரசங்கமும் செய்து, கல்லை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் "அப்படிங்களா சார்" என்று சொல்லவில்லை. கல்லை வலது கையில் ஏந்தி இரண்டு தடவை மெல்லத் தூக்கிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பி விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் ஒரு பக்கம் தடவினார். முகத்தில் மெல்லச் சந்தோஷம் வந்தது, தெரிந்த ஆளை வெளியூரில் பார்த்தது மாதிரி.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இது எங்க கல்லு மாரியே கனக்குதுங்களே" என்றார்.

"எந்தக் கல்லு?"

"பாய்லர் கல்லுங்க. ஓரத்துல பாருங்க, பச்சையா அடிக்குது. அதுவும் இப்பிடித்தான் அடிக்கும். தம்பி சொல்லிச்சு, சாருக்குக் கல்லுன்னா உசுருன்னு. அதான் எடுத்தாந்தேன்." பைக்குள் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். "யூனிட்டை நிறுத்தியிருந்தப்போ ஓரத்துல ஒட்டிகினு கெடந்துச்சு. ஒடைக்க மனசு வரலீங்க. அனுமதி வாங்கிகினு வூட்டுக்கு எடுத்தாந்து வெச்சிருந்தேன்."

அதை என் கல்லின் பக்கத்தில் டீப்பாயின் மேல் வைத்தார். அதே கறுப்பு, அதே பளபளப்பு, அதே சிப்பி வளைவு. பையனின் அம்மா கள்ளங்கபடமில்லாமல் சிரித்துவிட்டார். "ரெண்டும் அண்ணந்தம்பி மாரி இருக்குதுங்களே!"

என் மகளும் சிரித்தாள். உள்ளே இருந்து எட்டிப் பார்த்த என் மனைவியும் சிரித்தாள். இத்தனை வருஷம் ஊரையே உட்காரவைத்து அறுத்தவன் மேல் வந்த சிரிப்பு அது, நியாயமான சிரிப்பு. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"முப்பது வருஷம் சாம்பலைப் பிரிச்சுப் பார்த்தவன் நான்" என்றேன். "கசடு தள்றவங்க எனக்கு எரிமலையைப் பத்திச் சொல்லித் தர வேணாம். எது கல்லு, எது கழிவுன்னு எனக்குத் தெரியும். கல்லுக்கே ஒரு தராதரம் இருக்கு. குடும்பத்துக்கு இருக்காதா?"

"அப்பா!" என்றாள் மகள்.

"அதையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று பாய்லர் கல்லைக் காட்டினேன்.

அவர் கல்லை அதே செய்தித்தாளில் சுற்றினார். கை கொஞ்சம்கூட அவசரப்படவில்லை. குடித்த கப்பைக் கீழே வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு, "குப்பக்கூடை எங்கம்மா இருக்குது?" என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் வாங்கிக்கொள்ளப் போனாள், அவர் கொடுக்கவில்லை. நாலு கப்பையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அவரே வெளியில் கொண்டுபோய்ப் போட்டார். "பஸ்ஸு வந்துரும்ங்க, வரோம்" என்று என்னைக் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிடக்கூட இல்லை. சாம்பார், பொரியல், பாயசம் எல்லாம் தயாராக இருந்தது. சாப்பிடாமல் வெயிலில் நடந்து போனார்கள்.

மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் மனைவி பிள்ளையார் கோயிலுக்குப் போனாள், வழக்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறவள் அன்று சொல்லவில்லை. நான் கல்லை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அந்த ஆள் சொன்னது தப்பு என்று நிரூபித்து, அதை எழுதி மகள் முன்னால் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தேன். தராசை எடுத்தேன். நூல் கட்டினேன்.

எரிமலைக் கண்ணாடி என்றால் தண்ணீரைப் போல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். மூன்று மடங்குக்குப் பக்கத்தில் வந்தது. நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன், திரும்பப் போட்டேன். அதேதான். பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கி நூலில் தொங்கவிட்டு கல்லின் பக்கத்தில் கொண்டுபோனேன். காந்தம் கல்லின் பக்கம் சாய்ந்தது. துளி இரும்பு இப்படி இழுக்காது. ஏதோ ஒரு ஊர் உலையில் உருகி வழிந்த கசடு அது. பாய்லர் கல்லுக்கு அண்ணன் தம்பியேதான், அந்த அம்மாள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சாம்பலில் இருக்கிற மணலும் களிமண்ணும் அந்தச் சூட்டில் உருகும். இரும்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் இன்னும் சுலபமாக உருகும். உருகியது சுவரில் ஒட்டி, வழிந்து, படிகம் கட்ட நேரமில்லாமல் சீக்கிரம் ஆறினால் கண்ணாடி. எரிமலை செய்கிற அதே வேலை. இதில் எந்த வரியை எனக்குத் தெரியாது? ஆனால் என்னிடம் வந்ததெல்லாம் அரைத்த பொடி. உறையில் போட்டு, நம்பர் எழுதி, மேஜைக்கு வந்துவிடும். முழுக் கட்டியை நான் கையில் பிடித்ததே இல்லை. அவர் அந்தக் கட்டியை இருபது வருஷமாகத் தட்டியிருக்கிறார், தூக்கியிருக்கிறார், தழும்பு வாங்கியிருக்கிறார். அதனால்தான் தராசு சொன்னதை அவர் கை முதலிலேயே சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது. மகள் பின்னால் வந்து நின்றாள். அழுது ஓய்ந்த முகம்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவர் சொன்னது சரியா, தப்பா?"

வாயைத் திறந்து 'சரி' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரொம்பச் சின்ன வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்து அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அடுத்துக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டும், ஒவ்வொன்றாக எல்லாம் அவிழ்ந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

"தப்பு. அது எரிமலைக் கல்லுதான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "நீங்களா அவர் வீட்டுக்குப் போய், தப்பு உங்க மேலன்னு எப்ப சொல்றீங்களோ, அன்னிக்கு நான் இந்த வீட்டுக்கு வரேன்ப்பா. நீங்களா போய்ச் சொல்லணும். நான் ஞாபகப்படுத்த மாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகுதான் சமையலறைக்குப் போனேன். முந்தின நாள் தராசின் மேல் தண்ணீரோடு நான் விட்டுவிட்டுப் போன டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் நூல், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே விரலில் சுற்றிக் கழற்றிய சின்ன வளையமாக. மனைவியைக் கேட்டேன், "நான் எதையும் தொடலைங்க" என்றாள். ஆக, பதிலைத் தெரிந்துகொண்டுதான் மகள் கொல்லைக்கு வந்து கேள்வி கேட்டிருக்கிறாள். அப்பன் உண்மை சொல்வானா என்று பார்க்க வந்திருக்கிறாள். பார்த்துவிட்டாள்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. மனைவி மட்டும் போனாள். காடாம்புலியூரில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு வைத்தார்களாம், அதற்கும் அவள் மட்டும்தான். நான் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்று வருஷம் ஓடிவிட்டது. மனைவியின் போனில் மகள் குரல் கேட்கும், நான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்பாள். அதற்கு மேல் கேட்க மாட்டாள்.

நடுவில் நான் ரிட்டையர் ஆனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது, வெளியே சின்னதாக ஒரு வீடு பார்த்தோம். சாமான் கட்டும்போது நான் ஷோகேஸ் கற்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மனைவி எவர்சில்வர் டம்ளர்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். கடைசி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பன்னெண்டும் இருக்குங்க" என்றாள். "அன்னிக்குப் பத்தலைன்னீங்களே."

வந்தவர்கள் நாலு பேர், நாங்கள் மூன்று பேர். இந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று வருஷமாக நான் கல்லைப் பற்றி மட்டுமே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். கல்லில் ஏமாந்தது ஒரு தப்பே இல்லை, யார் வேண்டுமானாலும் ஏமாறலாம். பேப்பர் கப் வாங்கியபோது நான் ஏமாறவில்லை. தெரிந்தேதான் வாங்கினேன். அந்தக் கப் கட்டு இத்தனை வருஷம் என் நெஞ்சில் எங்கேயோ கிடந்திருக்க வேண்டும், அவள் அதை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள்.

புது வீட்டில் பால் காய்ச்சிய மறுவாரம் தனியாகப் பண்ருட்டி பஸ் ஏறி, காடாம்புலியூரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போனேன். விசாரிக்கும்போதே அந்தத் தெருவின் பெயரைச் சொல்ல என் நாக்கு தடுமாறியது. புதிதாகக் கட்டிய மாடி வீடு. அவர் வாசலில் முந்திரிக் கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், வாங்க" என்று எழுந்தார். நேற்றுப் பார்த்துவிட்டுப் போனவனை அழைப்பது மாதிரி. "இந்தாம்மே, யாரு வந்திருக்காங்க பாரு!"

உள்ளே டிவி ஸ்டாண்டின் மேல் அந்த பாய்லர் கல் இருந்தது. அதற்கு நேராக ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்தி என்று கூப்பிட எந்த முகத்தோடு கூப்பிடுவது?

"நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். "அது எரிமலைக் கல் இல்லை. கசடுதான். அன்னிக்குச் சாயங்காலமே எடை போட்டுப் பார்த்துட்டேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். மன்னிச்சுடுங்க."

"அட, கல்லு கெடக்குதுங்க சார். மொதல்ல காப்பி குடிங்க" என்றார்.

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். தளும்பத் தளும்ப, நுரையோடு, எவர்சில்வர் டம்ளரில். வாங்கினேன். டம்ளரின் விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது. என் மகள் பெயர், அவள் புருஷன் பெயர், கல்யாணத் தேதி. வரவேற்புக்கு வந்தவர்கள் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது போலிருக்கிறது. என் பெண்ணின் கல்யாணத் தேதியை அன்றுதான் நான் எழுத்தில் பார்த்தேன். டம்ளர் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

அவர் முந்திரி விலையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். காதில் ஏறவில்லை. காபியின் மேல் ஆடை படிய ஆரம்பித்துவிட்டது.

"டம்ளர் இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் பேச்சை நிறுத்தினார்.

"அன்னிக்கு எங்க வீட்டுல பன்னெண்டு டம்ளர் இருந்துச்சு. உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் பேப்பர் கப் வாங்கினேன். யாரும் சொல்லலை, நானாத்தான் வாங்கினேன்."

கதவருகில் நின்ற அவர் மனைவி தரையைப் பார்த்தார். அவரோ தன் கைத் தழும்புகளைத் தடவிக்கொண்டார்.

"தெரியும்ங்க" என்றார். "நான் குந்திகினு இருந்த எடத்துக்கு நேராத்தான் உங்க வூட்டு அடுப்பங்கர அலமாரி. நீங்க எரிமலையப் பத்திச் சொல்லிகினு இருந்தப்போ எண்ணிப் பாத்துகினுதான் இருந்தேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, ஒங்கப்பா வந்திருக்காரு... ஆமாம்மா, நம்ம வூட்டுலதான்... கல்லா? அதை வந்ததுமே சொல்லிட்டாரு." அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ம்... அதையும் சொல்லிட்டாரு" என்றார்.

போனை என்னிடம் நீட்டினார். ஒரு கையில் டம்ளரோடு இன்னொரு கையால் வாங்கினேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா" என்றாள். "அத்தை குடுத்த காபியைக் குடிச்சீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"குடிங்க. குடிச்சிட்டுப் பேசுங்க."

குடித்தேன். ஆறிப்போயிருந்தது.